பிளக்ஸுக்கு என்று எடுத்து வைத்த படம்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று நான் யாரிடமும் போய் முறையிடவில்லை. இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் எல்லாம் நடந்து முடிந்த பிறகு, அது எனக்காகச் செய்த காரியம் என்று பேச்சை மாற்றினார்கள். எனக்காகச் செய்கிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வீட்டில்தான் இருக்கிறேன். காதும் நன்றாகக் கேட்கிறது.

அது என் கம்ப்யூட்டர். குற்றாலத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை உண்டு. சாரல் காலத்தில் அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விடுவேன். அந்த வாடகையில் மிச்சம் பிடித்து வாங்கியது. கண் ஆபரேஷன் ஆன பிறகு போனில் வருகிற படமெல்லாம் எனக்குப் புளியங்கொட்டை அளவுக்குத்தான் தெரிந்தது. யார் வீட்டுக் கல்யாணம், யார் மாப்பிள்ளை, ஒன்றும் விளங்கவில்லை. பெரிய திரையில் பார்த்தால் முகம் முகமாக இருக்கும் என்று மாடியில் தங்க வந்தவர்கள் சொன்னார்கள். வாங்கினேன். முன்னறையில் ஜன்னலை ஒட்டி வைத்தேன். தூசி படாமல் இருக்கப் பழைய சேலையில் ஒரு உறை தைத்துப் போட்டேன். மழைச்சாரல் உள்ளே அடித்தால் ஓடிப் போய் ஜன்னலைச் சாத்துகிறவளும் நான்தான்.

மகனும் மருமகளும் என்னோடு இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தென்காசியில் வேலை. சாயங்காலம் வந்து காப்பி குடித்ததும் என் கம்ப்யூட்டரில்தான் உட்காருவார்கள். உட்காரட்டும். அதை நான் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை.

அது விழித்து எழுந்திருக்க நேரம் எடுக்கும்தான். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு அடுக்களைக்குப் போவேன். பால் காய்ச்சி, காப்பி கலந்து, வாசலில் நிற்கிற செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். வரும்போது அது தயாராக இருக்கும். காப்பியோடு உட்காருவேன். எனக்கும் அதற்கும் நடை ஒன்றாகப் பொருந்தியிருந்தது. மகனுக்கு அது ஆகவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டு மேசையை விரலால் தட்டுவான். மேசையைத் தட்டினால் அது எப்படி வேகமாக வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பேச்சை எடுத்தான்.

"எம்மா, இதுல இருக்கது பழைய ஹார்ட் டிஸ்க். உள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே கெடக்கும். அது சுத்தித் தேடித்தான் ஒண்ணொண்ணா எடுக்கணும். அதக் கழத்திட்டு எஸ்.எஸ்.டி. போட்டா சுத்துத வேலையே கெடையாது. அமுக்குன ஒடனே வந்துரும்."

"வந்து?"

"வந்து என்ன, வேலையப் பாக்கலாம்."

"இப்ப யாரு வேலையப் பாக்காம இருக்கா?"

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவன், "அரிசியப் போட்டுட்டு வந்தா சோறே வெந்துருது, இது இன்னும் எந்திரிக்கல" என்றான். அரிசியைப் போடுகிறவன் மாதிரிதான் பேச்சு.

"பொறவு பாப்போம்" என்றேன்.

எங்கள் வீட்டில் நான் பிறகு பார்ப்போம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். இவன் அப்பாவுக்கு அது தெரியும். இவனுக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியாதவன் மாதிரி இருந்துகொண்டான்.

இந்த இடத்தில் அவன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் கண்ணை மூடினால், சொந்தக்காரர் வந்து சேருவதற்கு முன்னால் பிளக்ஸ் வந்துவிடும். தெருமுனையில், பஸ் திரும்புகிற இடத்தில், ஆள் உயரத்துக்குப் படம் போட்டுக் கட்டிவிடுவார்கள். இவர் காலமான அன்றும் கட்டினார்கள். வாக்காளர் அட்டையில் இருக்கிற படத்தை எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். அந்த அட்டைப் படத்தை எடுத்தவன் எந்த அவசரத்தில் இருந்தானோ, இவருக்கு ஒரு கண் பாதி மூடியிருக்கும். வாய் ஏதோ கேட்கப் போகிற மாதிரி திறந்திருக்கும். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். சின்ன அட்டையில் இருந்தவரை அது யார் கண்ணிலும் படவில்லை. அதை ஆள் உயரத்துக்கு நிறுத்தினால் எப்படி இருக்கும். திருநீறு பூசாமல், துண்டை மடித்துத் தோளில் போடாமல் வாசல்படி தாண்டாத மனிதர் அவர். பிடித்துக்கொண்டு வந்து நிறுத்திய ஆள் மாதிரி தெருமுனையில் நின்றார்.

காய்கறி கொண்டு வருகிறவள் துக்கம் கேட்க வந்து, "ஆச்சி, படத்தப் பாத்தேன், யாரோன்னுல்லா நெனச்சேன்" என்றாள். அவள் மேல் தப்பு இல்லை. அவரோடு வாழ்ந்த எனக்கே யாரோ என்றுதான் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் கழிந்தும் அதை யாரும் அவிழ்க்கவில்லை. சாரல் அடித்தால் வெளுத்துவிடும் என்று பார்த்தேன். பிளக்ஸ் வெளுக்கிற சாமான் இல்லை. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அந்த அரைக்கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருக்குத் தம்பி முறைக்காரர்தான் பிளக்ஸ் வேலையெல்லாம் பார்த்தார் என்று சொன்னார்கள். அதிலிருந்து அந்தக் கொழுந்தனோடு எனக்குப் பேச்சு சுருங்கிவிட்டது.

எனக்கு இப்படி ஒன்று நடக்க விடக்கூடாது என்று அப்போதே முடிவு கட்டினேன். என் ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் எனக்குக் கழுத்தே இல்லை.

அடுத்த சாரலுக்கு மாடி அறையில் ஒரு அம்மாள் வந்து தங்கினாள். மதுரைப் பக்கம். நல்ல காமிரா வைத்திருந்தாள். மலையை எடுப்பாள், மேகத்தை எடுப்பாள், குரங்கை எடுப்பாள். குரங்குக்குக் கிடைக்கிறது எனக்குக் கிடைக்கக் கூடாதா என்று ஒரு நாள் காலையில் மயில்கழுத்துக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு மாடி ஏறினேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். கல் வைத்த கம்மல் போட்டிருந்தேன். பொட்டு எப்போதும் வைப்பதுதான். அவர் போன பிறகும் நான் பொட்டை எடுக்கவில்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசி ஓய்ந்து போனார்கள்.

"என்ன ஆச்சி, இவ்வளவு அலங்காரம்?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ஒரு விசேஷம் வருது."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவளுக்கு என்ன தோன்றியதோ, "மாப்பிள்ளை பார்த்தாச்சா" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டாள். பின்னால் மலை, மலைக்கு மேல் இறங்கின மேகம், முன்னால் நான். அப்போது எனக்குப் பல் இருந்தது. முழுசாக இல்லை. ஆனால் சிரித்தால் வெளியே தெரிகிற பல் எல்லாம் இருந்தது. படத்தை என் போனுக்கு அனுப்பி, வயரைச் சொருகிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்றும் காட்டித் தந்தாள். பெரிய திரையில் பார்த்தபோது என்னை எனக்கே பிடித்தது. தெருமுனையில் நின்றால் இவள் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

இனி அதை எங்கே வைப்பது. வெளிப்படையாக வைக்க வழியில்லை. செத்த பிறகு போடுகிற படத்தை இருக்கும்போதே எடுத்து வைத்திருக்கிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் என் வாயைப் பொத்துவார்கள். சாவை நாமே கூப்பிடுகிற மாதிரி என்பார்கள். மருமகள் அதில் ரொம்பக் கண்டிப்பு. வாசலில் இறங்கும்போது யாராவது தும்மினால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவாள். அவள் கண்ணில் அந்தப் படம் பட்டால், பட்டுச்சேலை எதற்கு, யார் எடுத்தார்கள் என்று கேள்வி மேல் கேள்வி வரும்.

எங்கள் வீடுகளில் நகையைப் பீரோவில் வைப்பது கிடையாது. பீரோ, வருகிறவர்கள் பார்ப்பதற்கு. சங்கிலியைத் துணியில் முடிந்து, டப்பாவில் அடைத்து, புளிப்பானையில் புளிக்கு அடியில் வைப்போம். என் மாமியார் இருந்தபோது ஒரு தடவை திருடன் வந்து பீரோவை உடைத்து, சேலையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனான். புளிப்பானையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பிசுபிசுவென்று ஆக்கிக்கொள்ள யாருக்கும் மனசு வராது.

கம்ப்யூட்டரிலும் நான் அந்த வழியைத்தான் எடுத்தேன். திரையில் மேலே ஓரமாக ஒரு குப்பைக் கூடை இருக்கும். மற்றதையெல்லாம் இவர்கள் இரண்டு பேரும் திறந்து திறந்து மூடுவார்கள். அந்தக் கூடையை மட்டும் யாரும் எட்டிப் பார்த்து நான் பார்த்ததில்லை. படத்தை இழுத்துக் கூடையில் போட்டேன். அது குப்பைக் கூடை என்று தெரியாமல் போட்டேன் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்கள். அதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஒத்துக்கொள்கிறேன். கூடைக்கும் குதிருக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை. குப்பை என்று தெரிந்ததால்தான் போட்டேன்.

வீட்டில் ஆள் இல்லாதபோது கூடையிலிருந்து படத்தை வெளியே இழுத்துப் போட்டுப் பார்ப்பேன். பார்த்து முடித்ததும் திரும்பவும் உள்ளே தள்ளிவிடுவேன். போனில் இடம் இல்லாமல் போனபோது போனில் இருந்த படத்தை அழித்துவிட்டேன். பத்திரமான இடத்தில்தான் ஒன்று இருக்கிறதே என்ற தைரியம்.

கடையத்தில் என் தங்கை வீட்டில் ஒரு பூப்புனித விசேஷம் வந்தது. போய்த் தங்கிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் வழக்கம் போலப் பொத்தானை அமுக்கிவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்புகிறேன், முதுகுக்குப் பின்னால் டிங் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் அது எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அடுப்புக்கூடப் பற்ற வைக்கவில்லை. மகன் தோளில் ஈரத்துண்டோடு வந்து நின்று, "எப்படி?" என்று கேட்டான். முகம் முழுக்கப் பெருமை.

நான் கூடையைப் பார்த்தேன். உள்ளே ஏதாவது இருந்தால் அதன் வாயில் கசங்கின காகிதம் தெரியும். அன்றைக்குக் காகிதம் இல்லை. வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது.

"ஏலே, இதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்கன?"

"எதுக்குள்ள?"

"இந்தக் கூடைக்குள்ள."

"அதுவா. புது டிஸ்க் பழசவிடச் சின்னதும்மா. பழசுல இருக்கத அப்படியே இதுக்கு மாத்தணும்னா எடம் பத்தல. அதான் வேண்டாதத எல்லாம் காலி பண்ணிட்டு மாத்துனேன்."

"யாரக் கேட்டு?"

"குப்பையக் கொட்டுததுக்கு யாரம்மா கேக்கணும்?"

வாசலில் குப்பை வாங்க வருகிற பெண் இருக்கிறாள். வாளியைக் கவிழ்க்கும் முன்னால் எட்டிப் பார்த்து, "ஆச்சி, இதுல கரண்டி ஒண்ணு கெடக்கு, வேணுமா வேண்டாமா" என்று கேட்டு எடுத்துத் தருவாள். அவளுக்கு இருக்கிற முறை, படித்து உத்தியோகம் பார்க்கிற என் மகனுக்கு இல்லை. இதை அவனிடம் அப்படியே சொன்னேன். அவன் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டான்.

"சரி, அதுல என்ன இருந்துச்சு? அதச் சொல்லு."

"படம்."

"என்ன படம்?"

"என் படம்."

"ஒன் படந்தான் நெறைய கெடக்கே" என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். எல்லாம் கல்யாண வீட்டுப் படம். ஒன்றில் வாழைமரத்துக்குப் பின்னால் என் காது தெரிகிறது. ஒன்றில் பந்தியில் குனிந்து சாப்பிடுகிறேன், உச்சி வகிடு மட்டும் இருக்கிறது. ஒன்றில் யாரோ ஒருத்தியின் முழங்கை என் மூக்கை மறைக்கிறது.

"இதெல்லாம் படமாலே?"

"அப்ப வேற ஒண்ணு எடுத்துக்கிடலாம். இப்பவே எடுக்கட்டுமா?"

சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டேன். போன வருஷம் மிச்சம் இருந்த பல்லையெல்லாம் பிடுங்கியாயிற்று. பல் செட் கட்டித் தந்தார்கள். போட்டால் ஈறு புண்ணாகிறது, எடுத்து வைத்துவிட்டேன். மதுரை அம்மாளிடம் கேட்கலாம் என்று போன் போட்டேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று வேறு ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதன் பிறகு மகனோடு நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "தோசை ஆறுது." "கரண்டு பில் வந்துருக்கு." சுவர் கேட்டுக்கொண்டது. அவன் வந்து சாப்பிட்டான். மருமகளுக்கு நடுவில் நிற்க முடியவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்த கையோடு ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, என்ன படம்னு சொன்னாத்தான தேட முடியும். நீங்க இப்படி மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தா அவுகளுக்கும் சோறு எறங்க மாட்டேங்குது."

"எறங்காமத்தான் ரெண்டு வாட்டி கொழம்பு ஊத்துதானா?"

"சொல்லுங்க அத்தை."

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு எரிகிறது. மகனும் அங்கே நிற்கிறான். வாய்க்குள் வைத்திருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றிவிட்டது.

"நான் செத்தா பிளக்ஸுல போடுத படம்" என்றேன்.

மருமகள் தன் வாயைத் தானே பொத்தினாள், அவள் சொல்லிவிட்ட மாதிரி. "வெள்ளிக்கெழம அதுவுமா, வெளக்கு முன்னால" என்று கைக்குள்ளிருந்தே முனகினாள். மகன், "சவத்த, என்ன பேச்சும்மா பேசுத" என்றான். எங்கள் பக்கம் எதற்கெடுத்தாலும் வாயில் வருகிற சொல்தான் அது. சொன்ன பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதுக்கெல்லாம் இப்ப என்னத்துக்கு? அதது நடக்கும்போது நாங்க பாத்துக்கிட மாட்டோமா?"

"பாத்தீங்களே, ஒங்கப்பாவுக்குப் பாத்த லெச்சணம் ஊருக்கே தெரியும். அர கண்ணும் தொறந்த வாயுமா தெருவுல நிறுத்துனாக. ஒங்க சித்தப்பாவுக்கு வீட்டுல வேற படமா கெடைக்கல?"

அவன் விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சித்தப்பா எடுக்கலம்மா. நான்தான் குடுத்தேன். பிளக்ஸ்காரன் நிக்கான், ஒடனே ஒரு படம் வேணும்னாக. பீரோச் சாவி எங்க இருக்குன்னு தெரியல. நீ அழுதுக்கிட்டு இருந்த, ஒங்கிட்ட வந்து கேக்க முடியல. அப்பா பையில கையவிட்டேன், கெடச்சதக் குடுத்தேன்."

இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறான். கொழுந்தன் மேல் வைத்திருந்த கோபத்தை அப்படியே எடுத்து இவன் மேல் வைத்தேன். இடம்தான் மாறிற்று, அளவில் ஒன்றும் குறையவில்லை. அன்றைக்குக் கையில் கிடைத்ததைக் கொடுத்தான், இன்றைக்குக் கையில் கிடைத்ததைக் கொட்டினான். இரண்டு தடவையும் கேட்பதற்கு நான் ஒருத்தி இருந்தேன்.

"எனக்கும் இப்படித்தான் பைக்குள்ள கையவிடுவ" என்றேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கழற்றின பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினான். நானும் வருவேன் என்று பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவனை நம்பி இன்னொரு தடவை விட முடியாது.

கம்ப்யூட்டர் கடைக்காரன் வெளியூர்க்காரன் போல. நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பேச்செல்லாம் மகனோடு. சாமான் என்னுடையது, போனது என் படம். என்னைப் பார்த்து ஒரு தடவை, "பாட்டிக்கு ஃபேன் போடவா" என்று கேட்டதோடு சரி.

"இங்கன ஆச்சின்னு சொல்லுவாக" என்றேன்.

கூடையில் கொட்டினது உடனே காணாமல் போய்விடாதாம். அந்த இடத்தில் வேறு எதையும் எழுதாமல் இருந்தால் தேடி எடுத்துவிடலாமாம். "இதுக்கு அப்புறம் இந்த டிஸ்க்ல ஏதாவது ஏத்துனீங்களா சார்?" என்று கடைக்காரன் கேட்டான். மகன் தலையைச் சொறிந்தான். சார் சும்மா இருப்பாரா. பழைய டிஸ்க்குக்கு ஒரு உறை வாங்கிப் போட்டு, அவன் எடுத்த வீடியோவையெல்லாம் அதில் நிரப்பி வைத்திருக்கிறான். என்ன வீடியோ என்று கேட்டேன். ஐந்தருவியில் வெள்ளம் வந்தபோது எடுத்ததாம். என் முகத்தின் மேல் ஐந்தருவியைத் திருப்பிவிட்டிருக்கிறான்.

"என்ன படம் சார் அது, முக்கியமானதா?"

"ஃபேமிலி போட்டோ" என்றான் மகன், வாய்க்குள்.

"நான் செத்த பொறவு போடுத படம்" என்றேன் நான்.

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரன் சிரித்து, "நீங்க நூறு வயசு இருப்பீங்க பாட்டி" என்றான்.

"அது ஒன் கையில இல்ல. படம் ஒன் கையில இருக்கு. அதத் தேடு."

தேட நாள் ஆகும் என்றான். திரும்பக் கூப்பிட்டபோது மூன்று பேருமாகப் போனோம். மருமகள் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். டிஸ்க்கிலிருந்து என்னென்னவோ பழைய சாமானெல்லாம் வந்திருந்தது. கடைசியில் என் படத்தைத் திறந்தான். மேலே மேகம் வந்தது, மலை வந்தது. என் தலை வந்தது, பொட்டு வந்தது, இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்து சிரித்துக்கொண்டு வந்தது. மூக்கு வரைக்கும் வந்து அதோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வாயும் இல்லை, கழுத்தும் இல்லை, மயில்கழுத்துப் பட்டும் இல்லை. ஒரே சாம்பல் நிறம், பூசி மெழுகின மாதிரி.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். மகன் கையை மேசையில் ஊன்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவ்வளவுதான் வரும் சார்" என்றான் கடைக்காரன். "ஆனா ஒண்ணும் பிரச்சினை இல்ல. கீழ்ப்பாதிய வேற படத்துல இருந்து எடுத்து ஒட்டிரலாம். பாட்டிக்கு அழகா பல்லும் வச்சுத் தந்துடுறேன்."

"யாரு பல்லு?" என்று கேட்டேன்.

"யாரு பல்லா இருந்தா என்ன பாட்டி? பொருந்துனா சரி."

எவளோ ஒருத்தியின் பல்லை வைத்துக்கொண்டு நான் தெருமுனையில் நின்று சிரிக்க வேண்டுமாம். அரைக்கண்ணோடு நின்ற மனுஷன்கூடத் தன் சொந்தக் கண்ணோடுதான் நின்றார். எழுந்திருந்து, "வாலே போவோம்" என்றேன். சுவரை விட்டுவிட்டு அவனைப் பார்த்தே சொல்லிவிட்டேன் என்பது பஸ்ஸில் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டைக் கட்டினேன். மருமகள் வாசலில் நின்றுகொண்டு, "அத்தை, சும்மா ஒரு படம் எடுக்கோம்னு சொல்லுங்க. அதுக்குன்னு சொல்லாதீங்க" என்றாள்.

"சும்மா எடுக்கல. அதுக்குத்தான் எடுக்கேன்."

"நான் வர மாட்டேன்." இதைச் சொல்லிக்கொண்டே வந்து கொசுவத்தை நீவி விட்டாள். பொட்டு கோணலாக இருக்கிறது என்று துடைத்து வேறு வைத்தாள்.

மாடியில் நின்றேன். மகன் போனைத் தூக்கிப் பிடித்தான். நாலைந்து எடுத்தான். எல்லாவற்றிலும் வாயை இறுக்கி மூடியிருக்கிறேன், மருந்து குடித்தவள் மாதிரி. "சிரிம்மா" என்றான். "அந்தாலப் பாரும்மா" என்றான். "கொஞ்சம் சாஞ்சு நில்லு, மேகம் மறையுது" என்றான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மேகத்தையா போடப் போறீக பிளக்ஸுல? ஏலே, ஒங்கப்பாவ நிறுத்துன மாதிரி என்ன நிறுத்தணும்னு நெனச்ச, நான் எந்திரிச்சு வந்து அந்தப் பிளக்ஸக் கிழிப்பேன். கேட்டுக்கோ, எஞ்சாமானத் தொடுததுக்கு முன்னால என்னக் கேக்கணும், நான் இருந்தாலும் கேக்கணும், செத்தாலும் கேக்கணும்."

செத்தாலும் எப்படிம்மா கேக்க என்று சொல்லிவிட்டுச் சிரித்தான், சிரித்துக்கொண்டே அமுக்கிவிட்டான்.

கீழே வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். விரல் ஒன்று நீண்டிருக்கிறது. கண் இரண்டும் அகலமாகத் திறந்திருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. உள்ளே பல் இல்லை, ஈறு தெரிகிறது. மேகம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பொம்பளை யாரையோ ஏசிக்கொண்டிருக்கிறாள் என்பது பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். என்னைத் தெரிந்த ஒருத்தரும் யாரோ என்று கேட்க முடியாது.

"இதையா போடச் சொல்லுத?" என்று கேட்டான் மகன்.

"இதத்தான்."

"பல்லு இல்லையேம்மா."

"எனக்கும்தான் இல்ல."

எங்கே வைக்கட்டும் என்று கேட்டான். பொத்தானை அமுக்கினதும் எது முதலில் தெரியுமோ அங்கே வை என்றேன். திரை நிறைய வைத்தான். இப்போது அது எழுந்திருப்பதற்குப் பால் பொங்குகிற நேரம்கூட வேண்டியதில்லை. அமுக்கின கையை எடுப்பதற்குள் நான் விரலை நீட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். மருமகள் வெள்ளிக்கிழமை மட்டும் அதைத் திறப்பதில்லை. மகன் எல்லா நாளும் திறக்கிறான், என் ஏச்சை வாங்கிக்கொண்டுதான் அவன் வேலையைத் தொடங்க வேண்டும்.

வேகம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. காப்பியோடு வந்து உட்காரும்போது அது எனக்காக ரொம்ப நேரம் காத்திருந்த மாதிரி முறைக்கிறது. ஆனால் மகன் கேட்கப் பழகிவிட்டான். நேற்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தான்.

"எம்மா, இதுல ஒண்ணு கெடக்கு, எடத்த அடைக்கி. அழிக்கவா?"

"வேண்டாம்" என்றேன் அடுக்களையிலிருந்து. அது என்ன என்று நான் போய்ப் பார்க்கவில்லை.